பத்து நாள் விபஸ்ஸனா முகாம்: பதினான்கு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானத்தைக் கற்பிக்கும் முகாமுக்குச் சென்று வந்தவர்கள் எழுதும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, அவர்கள் வீடு திரும்பிய வாரத்திலேயே எழுதப்பட்டவை. மௌனம் எப்படி இருந்தது, முழங்கால் எவ்வளவு வலித்தது, உணவு எப்படி என்பவற்றை அவை விரிவாகச் சொல்கின்றன. நானும் அந்த வாரத்தில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதிய பிறகு நிறுத்திவிட்டேன். பத்து நாள் பேசாமல், சமைக்காமல், தொலைபேசி இல்லாமல் இருந்த ஒருவருக்கு மனம் இலேசாக இருப்பதில் வியப்பில்லை. அந்த இலேசு, அப்பாவுக்கு இரவு இரண்டு மணிக்குப் படுக்கைத்துணி மாற்றும்போதும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதும் எஞ்சுகிறதா என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. அதற்கு விடை தெரியப் பதினான்கு மாதங்கள் ஆயின.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு மாதத்திலும் ஒரு வாரம் நெருக்கடியிலேயே கழியும். என் அப்பாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் ஓரளவு மீண்டன, பேச்சு மீளவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. தம்பி வேறு மாநிலத்தில் இருக்கிறான். அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்தால் வீட்டு வேலை, அது முடிந்தால் இரவுக் காவல் என்றிருந்த காலத்தில், என் குரல் உயர்ந்துகொண்டே போனதை நானே கேட்கத் தொடங்கினேன். அப்பாவிடம் ஒரு நாள் நான் கத்தியபோது, பதில் சொல்ல முடியாத அவர் இடக்கையால் தம் முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம்தான் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன்.

நான் சென்றது எந்த மையம் என்பதைக் குறிப்பிடவில்லை, ஏனெனில் இங்கே மதிப்பிடுவது மையத்தை அன்று, முகாமை. சத்ய நாராயண் கோயங்கா வகுத்த இந்தப் பத்து நாள் முகாமுக்கு எங்கும் ஒரே கால அட்டவணை, ஒரே விதிகள், ஒரே ஒலிப்பதிவுகள். கோயங்கா 1924இல் பர்மாவின் மாந்தலே நகரில் பிறந்த இந்திய வணிகர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்காக மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், 1955இல் யாங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் சென்றார். 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கி, 2013இல் மறைந்தார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் உள்ள தம்மகிரிதான் இந்த மரபின் பெரிய மையம். தமிழ்நாட்டில், சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் தம்ம சேது உள்ளது.

ஆனால் என்னை இந்த முகாமின்பால் ஈர்த்தவர் கோயங்காவைவிட அவருடைய ஆசிரியரே. ஊ பா கின் துறவி அல்லர். அவர் கணக்குத் துறைக்காரர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றவர். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அரசுத் துறைகளை நிர்வகித்துக்கொண்டே, தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தார். 1952இல் யாங்கூனில் ஒரு தியான மையத்தை நிறுவிய பிறகும் அவர் அரசுப் பணியை விட்டுவிடவில்லை. பேரேட்டுக்கும் கோப்புகளுக்கும் நடுவே ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார் என்ற செய்தி, காட்டுக்குப் போன துறவிகளின் வரலாறுகளைவிட எனக்கு அதிக நம்பிக்கை தந்தது.

முகாமுக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாமே முன்பு பயின்றவர்களின் நன்கொடையால் நடக்கின்றன. ஒரு முகாமையேனும் முழுமையாக முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை பெறுவார்கள். ஆசிரியர்களும் சேவை செய்பவர்களும் ஊதியம் வாங்குவதில்லை. இது சிக்கனமானவர்களுக்குக் கிடைக்கும் வசதி மட்டுமன்று. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் போல இதில் குறை காண முடிவதில்லை; யாரோ முகம் தெரியாத ஒருவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் பயிற்சியில் சோம்பியிருப்பதற்கும் மனம் வருவதில்லை. நான்காம் நாள் வெளியேறிவிடலாம் என்று எண்ணிய எனக்கு அந்த எண்ணமே தடையாக நின்றது.

காலை நான்கு மணிக்கு மணியடிக்கும். நாலரைக்குத் தொடங்கும் தியானம், இடைவேளைகளுடன் இரவு ஒன்பது வரை நீளும். மொத்தத்தில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். பதினொரு மணிக்கு மதிய உணவு. மாலை ஐந்துக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் சிற்றுணவும் உண்டு. அதன் பிறகு உணவில்லை. பேசுவது, படிப்பது, எழுதுவது, சைகை காட்டுவது ஆகிய எதற்கும் பத்தாம் நாள் காலை வரை அனுமதி இல்லை. ஆசிரியரிடம் ஐயம் கேட்கலாம், தேவைகளைச் சேவகர்களிடம் சொல்லலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடங்கள். மாலையில் ஒன்றேகால் மணி நேரம் பேருரை உண்டு. அதற்குத் தமிழ்ப் பதிவும் இருக்கிறது.

முதல் மூன்றரை நாள்கள் ஆனாபானா. மூக்குத் துவாரங்களுக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறிய இடத்தில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பதுதான் வேலை. மூச்சை மாற்றக் கூடாது, எண்ணக் கூடாது, எந்த மந்திரத்தையும் அதனுடன் சேர்க்கக் கூடாது. நான்காம் நாள் பிற்பகலில் விபஸ்ஸனா கற்பிக்கப்படுகிறது: உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை கவனத்தை நகர்த்தி, அந்தந்த இடத்தில் உள்ள உணர்ச்சியை அறிவது, இன்பமானால் பற்றாமலும் துன்பமானால் வெறுக்காமலும் இருப்பது. அன்று முதல் நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கை கால்களை அசைக்காமலும் கண் திறக்காமலும் அமர வேண்டும். இதற்கு அதிட்டானம் என்று பெயர். ஆறாம் நாள் மாலை அமர்வில் என் இடத் தொடை தீப்பட்டது போல எரிந்தது. அந்த எரிச்சலை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரே கட்டியாகத் தோன்றியது உண்மையில் துடிப்பு, சூடு, இழுப்பு என்று விட்டுவிட்டு வரும் பல உணர்ச்சிகளாக இருந்தது. மணியடித்து எழுந்த பிறகு அந்த வலி இருந்த இடமே தெரியவில்லை. அநிச்சா, அதாவது நிலையாமை என்ற சொல்லைப் பள்ளி நாள்களிலிருந்து அறிந்திருந்தும், அது தொடையில் நிகழ்வதை நான் கண்டது அன்றுதான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடலில் தோன்றும் உணர்ச்சிக்கு, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் வேதனா என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது வேதனை என்று விழுவதால், வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தப் பயிற்சி என்ற தவறான எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. முதல் சில நாள்கள் எனக்கும் வந்தது. மணிமேகலை இதையே ‘நுகர்வு’ என்கிறது. துன்பம் எழும் காரணத் தொடராகிய பன்னிரு சார்புகளை அந்நூல் அடுக்கும்போது ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று வரிசைப்படுத்துகிறது. புலன் பொருளைத் தொடுகிறது. அதனால் இனிமையோ கசப்போ நுகரப்படுகிறது. அதிலிருந்து வேட்கை எழுகிறது. வேட்கை பற்றாக இறுகுகிறது. முகாம் முழுவதும் கற்பிக்கப்படுவது, நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே உள்ள அந்தக் கண்ணியில் விழிப்புடன் நிற்பதுதான். இந்த நான்கு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகும் தமிழருக்குப் பேருரைகள் இன்னும் நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

இனி வீட்டில் நடந்தது. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவர் கரண்டியைத் தட்டிவிடுவதுண்டு. முன்பெல்லாம் கரண்டி கீழே விழுவதற்குள் என் வாயிலிருந்து சொல் வந்துவிடும். முகாமிலிருந்து திரும்பி மூன்றாவது வாரம், அதே போலத் தட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் சூடு ஏறுவதும் தாடை இறுகுவதும் எனக்குத் தெரிந்தன. கோபம் என்ற பெயர் சூட்டுவதற்கு முன்பே அவை தெரிந்தன என்பதுதான் புதிது. இரண்டு மூன்று மூச்சு நேரம் அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறியது, நின்றது, தணியத் தொடங்கியது. அந்த நேரத்தில் என் கண் அப்பாவின் முகத்தில் இருந்தது. அவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டிருந்த மனிதருக்கு நான் கஞ்சியைத் திணித்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு அவரிடம் சொல் இல்லை. முகாமின் பயன் என்ன என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். கோபம் வராமல் போய்விடவில்லை. ஆனால் கோபத்துக்கும் சொல்லுக்கும் நடுவே, செம்பைப் பார்க்கும் அளவுக்கு இடம் கிடைத்தது.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகள் என்ற உவமை வருகிறது. பயிற்சியில்லாதவன் உடல் துன்பம் என்ற முதல் அம்பு தைத்ததும், அழுது புலம்பி மனத்துன்பம் என்ற இரண்டாவது அம்பையும் வாங்கிக்கொள்கிறான் என்கிறார் புத்தர். நோயாளியைப் பராமரிக்கும் எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. நள்ளிரவில் எழுவது முதல் அம்பு. ‘நான் மட்டும்தானா, தம்பி எங்கே, இது எத்தனை நாள்’ என்று படுக்கைத்துணியை மாற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் ஓடும் எண்ணம் இரண்டாவது. இந்த இரண்டாவது அம்பு இப்போதும் தைக்கிறது. முன்பு ஒரு மணி நேரம் இருந்தது, பல இரவுகளில் பத்து நிமிடத்தில் விழுந்துவிடுகிறது.

அலுவலகத்தில் விளைவு இவ்வளவு தெளிவாக இல்லை. தொண்டைக்குழியில் அடைப்பு தெரிந்தால் மின்னஞ்சலுக்கு உடனே பதில் எழுதுவதில்லை என்ற வழக்கம் வந்தது. அது பல சண்டைகளைத் தவிர்த்தது. ஆனால் சமநிலை என்ற சொல்லை நான் தவறாகப் பயன்படுத்திய காலமும் உண்டு. ஒருமுறை வேறொருவர் செய்த பதிவுப் பிழை என் தலையில் கட்டப்பட்டது. கூட்டத்தில் நான் ஒன்றும் பேசவில்லை. உபேக்கையில், அதாவது அந்தச் சமநிலையில், இருந்ததாக நினைத்துக்கொண்டேன். அன்றிரவு அமர்ந்து பார்த்தபோது வயிற்றில் இருந்த உணர்ச்சி அமைதியின் உணர்ச்சியாக இல்லை; பள்ளியில் ஆசிரியர் முன் நின்றபோது இருந்த அதே பிசைவு. நான் அஞ்சியிருந்தேன், அந்த அச்சத்துக்குத் தம்மத்தின், அதாவது புத்தர் போதனையின், பெயரைச் சூட்டியிருந்தேன். மறுநாள் பேரேட்டை எடுத்துக்கொண்டு போய், குரலை உயர்த்தாமல், எந்தப் பதிவு யாரால் எப்போது இடப்பட்டது என்று காட்டினேன். இத்தகைய இடறலைப் பற்றிப் பேருரையில் எச்சரிக்கை உண்டு. சமநிலை என்பது செயலற்றிருப்பதன்று, மனம் தெளிந்த பிறகு தேவையானால் உறுதியாகச் செயல்பட வேண்டும் என்கிறார் கோயங்கா. கேட்கும்போது தலையாட்டிவிட்டுப் போனேன். பட்ட பிறகுதான் விளங்கியது.

முகாமில் நான் மிகக் குறைவாக மதித்த பகுதி ஐந்து சீலங்கள் என்னும் ஒழுக்க உறுதிகள். கொலை, களவு, முறையற்ற காமம், பொய், போதை ஆகியவற்றைத் தவிர்ப்பதாக முதல் நாள் உறுதி எடுக்கும்போது, இவற்றில் எனக்கு என்ன சிரமம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரமமாக இருந்தது நான்காவது சீலம். பொய்யோடு கடுஞ்சொல், கோள், வீண்பேச்சு ஆகியவற்றையும் தவிர்ப்பதுதான் புத்தரின் எண்வழியில் சொல்லப்படும் நல்வாய்மை. ‘நாளைக்குள் அனுப்பிவிடுகிறேன்’ என்று அனுப்ப முடியாது எனத் தெரிந்தே சொல்வது என் தொழிலில் இயல்பான பேச்சு. அப்படிச் சொன்ன நாள்களில் இரவு அமர்வு கலங்கியிருப்பதைத் தொடர்ந்து கண்ட பிறகு, ‘வியாழக்கிழமைக்கு முன் முடியாது’ என்று சொல்லப் பழகினேன். சீலம் இல்லாமல் சமாதி, அதாவது மன ஒருமை, நிற்காது என்ற கோட்பாட்டை இவ்வளவு சாதாரணமான இடத்தில் சரிபார்ப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

இனி குறைகள். முகாம் முடியும்போது, காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் நாள்தோறும் அமருங்கள், வாரம் ஒருமுறை இந்தத் தியானம் செய்யும் மற்றவர்களுடன் கூட்டமாக அமருங்கள், ஆண்டுக்கு ஒரு முகாமுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். குழந்தைகளோ நோயாளிகளோ உள்ள வீட்டில் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது மிகப் பெரிய பங்கு. ஏழு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு மாலை அமர்வு போனது, மூன்றாம் மாதக் கடைசியில் காலை அமர்வும் போனது. இரண்டு மணி நேரம் முடியாதென்றால் ஒன்றுமே வேண்டாம் என்று மனம் முடிவு கட்டிக்கொண்டதுதான் காரணம். ஐந்தாம் மாதம் மீண்டும் தொடங்கினேன்: அப்பா எழுவதற்கு முன் நாற்பது நிமிடம், படுத்த பிறகு தூக்கம் வரும்வரை உடலைக் கவனிப்பது. இது விதித்த அளவில் பாதியும் இல்லை. ஆனாலும் மேலே சொன்னவற்றில் பல இந்தக் குறைந்த அளவில் நடந்தவைதான். இயன்ற அளவு அமர்ந்தாலும் பயனுண்டு என்பதை முகாமின் கடைசி நாளில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது குறை இதைவிட அடிப்படையானது. பத்து நாளும் பயிற்சி கண்மூடி அசையாமல் அமர்ந்த நிலையிலேயே நடக்கிறது. என் வாழ்க்கையோ நின்றும் நடந்தும் பேசியுமே கழிகிறது. நடக்கும்போதும் உண்ணும்போதும் விழிப்புடன் இருங்கள் என்று சொல்கிறார்களே தவிர, அதற்கென்று தனிப் பயிற்சி இல்லை. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் மரபு இந்த இடத்தில் மிகவும் வலுவானது. அங்கே மணியொலி கேட்டால் எல்லோரும் செய்கிற வேலையை நிறுத்தி மூச்சைக் கவனிக்கிறார்கள். நடை, பாத்திரம் கழுவுவது, தொலைபேசி ஒலிப்பது எல்லாமே பயிற்சிதான். ஜான் கபட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சித் திட்டமோ, வாரம் ஒரு வகுப்பும் மற்ற நாள்களில் வீட்டுப் பயிற்சியுமாக அமைந்தது. வீட்டை விட்டுப் போய்த் தங்க வேண்டியதே இல்லை. கோயங்கா முகாமில் கற்கும் கூர்மை அத்தகைய பகுதிநேரப் பயிற்சியில் எளிதில் வராது என்று நினைக்கிறேன். ஆயினும் அந்தக் கூர்மையை அடுப்படிக்குக் கொண்டுவரும் பாலத்தை நானேதான் கட்ட வேண்டியிருந்தது. தொலைபேசி ஒலித்தால் மூன்று மூச்சுக்குப் பிறகு எடுப்பது என்ற பிளம் வில்லேஜ் வழக்கத்தை நான் வீட்டில் சேர்த்துக்கொண்டேன். முகாமில் பிற முறைகளைக் கலக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அங்கே அதை முழுமையாகக் கடைப்பிடித்தேன், கடைப்பிடிக்கவும் வேண்டும்.

கோட்பாட்டிலும் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. சமநிலையுடன் கவனிக்கும்போது பழைய சங்க்காராக்கள், அதாவது மனத்தில் படிந்த வினைப்பதிவுகள், உடல் உணர்ச்சிகளாக மேலெழுந்து கழிந்துபோகின்றன என்று பேருரைகள் விளக்குகின்றன. இந்த முகாமின் வேரான தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவில் எல்லா ஆசிரியர்களும் இப்படிச் சொல்வதில்லை. சதிபட்டான சுத்தா என்ற புத்தரின் உரை உடல், நுகர்வு, சித்தம் (மனநிலை), தம்மம் (மனத்தில் எழும் பொருள்கள்) என நான்கையும் கவனிக்கச் சொல்கிறது. பர்மாவிலேயே மகாசி சயாடோ என்ற துறவியின் மரபில் வயிறு எழுந்து தாழ்வதில் தொடங்கி, எண்ணம், மனநிலை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே போகிறார்கள். எனக்குத் தொடையில் எரிந்தது எந்தப் பழைய வினை என்று அறிய வழியில்லை. பயிற்சி பயன் தருவதற்கு அதை நம்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிடிக்காத கோட்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுப் பயிற்சியைச் செய்யுங்கள் என்று கோயங்காவே சொல்வது, இங்கே எனக்கு உதவியது.

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இது ஓய்வு முகாம் அன்று. மனநோய்க்கு மருத்துவமும் அன்று. கடுமையான மனச்சோர்வு, மனப்பிளவு, இருமுனைக் கோளாறு போன்றவை உள்ளவர்களுக்கு, நாள்தோறும் பத்து மணி நேரம் தனிமையில் மனத்தைப் பார்ப்பது தீங்காக முடியலாம். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், உட்கொள்ளும் மருந்துகள் பற்றிக் கேட்பது இதற்காகத்தான். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சி மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மறைக்காதீர்கள், முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்களும் சில மாதங்கள் காத்திருப்பது நல்லது என்பது என் சொந்தக் கருத்து. முதுகுவலி, முழங்கால்வலி உள்ளவர்கள் தயங்க வேண்டியதில்லை; நாற்காலி கேட்டால் தருவார்கள், அதிட்டானத்தை நாற்காலியில் அமர்ந்தும் செய்யலாம்.

பராமரிப்பாளர்கள் பதிவு செய்வதற்கு முன் ஒன்றைச் செய்ய வேண்டும். போகும் நாளும் வரும் நாளும் சேர்த்துப் பன்னிரண்டு நாள்கள் வீட்டில் யார் என்ன செய்வது என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: மருந்து வேளை, மருத்துவரின் எண், நோயாளியின் சைகைகளுக்கு என்ன பொருள் என்பது வரை. மையத்தின் அலுவலக எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டால், அவசரச் செய்தியை உங்களிடம் சேர்ப்பார்கள். சென்ற முறை நான் இதை அரைகுறையாகச் செய்ததால், முதல் மூன்று நாள் மூச்சைக் கவனித்ததைவிட, அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்திருப்பார்களா என்று எண்ணிக்கொண்டிருந்ததே அதிகம்.

வரும் ஜனவரி முகாமுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். பன்னிரண்டு நாளும் அப்பாவுடன் இருக்கத் தம்பி விடுப்பு எடுத்து வருகிறான். அவனுக்காக இப்போதே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில், கஞ்சிக்கு முன் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.